வளர்ப்புப் பாம்புக்கு வயிறு சரியில்லையா? முதலில் சூட்டைப் பாருங்கள்

பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் போன் வரும். "அண்ணா, முந்தாநேத்து தின்ன எலியைக் கக்கிடுச்சு." இல்லாவிட்டால், "ஒரு மாசமா வெளிக்கே போகலைண்ணா." நான் டாக்டர் இல்லை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் மூன்றாவது மாடி வீட்டில் ஒரு பால் பைத்தானும் (ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு) ஒரு கார்ன் ஸ்நேக்கும் வளர்க்கிறேன், அவ்வளவுதான். தப்பு செய்து, செலவு செய்து, டாக்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை நாலு பேருக்குச் சொல்லப்போய், பாம்புக்கு வயிறு சரியில்லை என்றால் என் நம்பரைக் கொடுக்கும் வழக்கம் நண்பர்களிடம் வந்துவிட்டது.

யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். "ஹீட் மேட் மேலே இப்ப எத்தனை டிகிரி?" கூண்டைச் சூடாக்கும் மின்சாரப் பாயைத்தான் கேட்கிறேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "கை வெச்சுப் பார்த்தேன், சூடாத்தான் இருக்கு" என்று பதில் வரும். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், முதலில் இது

நமக்கு அடுப்பு உடம்புக்குள்ளேயே எரிகிறது. பாம்புக்கு அது வெளியே இருக்கிறது. பட்டினியாகக் கிடக்கும் மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலமே கிட்டத்தட்ட இருக்காது. இரை உள்ளே போனபின்தான் அமிலம் சுரக்கத் தொடங்கும். பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், ஒரே நாளில் பி.எச். அளவு 7-லிருந்து 1.5 வரை இறங்குவதை (இறங்க இறங்க அமிலம் அதிகம்) அளந்திருக்கிறார்கள். சிறுகுடல் பருக்கிறது, இதயம்கூடப் பெரிதாகிறது. இவ்வளவு வேலையும் நடக்க உடம்பு சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு குறைந்தால் எலி செரிக்காது, அழுகும். அழுகும் எலியை வயிற்றில் வைத்திருப்பதைவிடக் கக்கிவிடுவது மேல் என்று பாம்பு முடிவு செய்துவிடும்.

பால் பைத்தானின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. அதற்குச் சூடான மூலையில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த மூலையில் 25, 26 டிகிரி வேண்டும். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29, 30 போதும். மறுபக்கம் 23, 24 வரை இறங்கலாம். நம் ஊரோ, ஃபேன் இல்லாமல் தூங்கலாம் என்று சென்னைச் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசும் ஊர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு வந்துவிடும். நமக்குச் சுகம், ஆப்பிரிக்கப் பாம்புக்குக் கஷ்டம். ஏப்ரலில் கதை தலைகீழ். மொட்டை மாடியை ஒட்டிய அறையில் குளிர்ந்த பக்கமே 33 டிகிரிக்குப் போய்விடும். தப்பித்துப்போய்ப் படுக்க இடமில்லாமல் சூட்டில் கிடந்தாலும் பாம்பு கக்கும்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டரை நம்பாதீர்கள். அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கம்பி நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அந்த நுனியைப் பாம்பின் வயிறு படும் இடத்தில் வையுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை வேண்டும். கோளாறு நடப்பது நீங்கள் தூங்கும் நேரத்தில்தான். ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராகப் பிளக்கில் சொருகவே கூடாது, வயிற்றுத் தோல் வெந்துவிடும்.

சூடு சரியாக இருந்தால் மட்டும் கீழே போங்கள். சரியில்லை என்றால் அதைச் சரிசெய்து, ஒரு இரவு முழுக்க அளந்துவிட்டு வாருங்கள்.

இரையைக் கக்கிவிட்டது

நாகம் மாணிக்கம் கக்கும் என்று சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் பாம்பு மல்லி கக்கியது மாணிக்கம் இல்லை. ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. குளிர்ந்த மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டி, முழ நீளத்தில் இழுபட்ட சாம்பல் நிறப் பொருள் ஒன்று கிடந்தது. மயிர் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. தலைப்பக்கம் கரைந்து எலும்பு தெரிந்தது, வால் அப்படியே இருந்தது. எலி தலை முதலாக உள்ளே போனதால் தலைதான் முதலில் செரித்திருக்கிறது. மீட்டரைப் பார்த்தேன்: சூடான பக்கம் 22.5. இரவு கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் திரும்ப வந்தும் தெர்மோஸ்டாட் தானாக ஆன் ஆகவில்லை, பட்டனை அமுக்க வேண்டிய ரகம் அது. விலை குறைவு என்று நான்தான் வாங்கினேன்.

அதோடு முடியவில்லை. எலி தின்ற மறுநாளே, ஊரிலிருந்து வந்த சித்தி மகனுக்குக் காட்ட அவளை வெளியே எடுத்திருந்தேன். ஆகக் குற்றவாளி குளிரா, நானா என்று இன்றுவரை தெரியாது. இரண்டுமே காரணமாகலாம்.

கக்கிய பொருளை முகம் சுளிக்காமல் பாருங்கள். அதிலிருந்துதான் துப்பு கிடைக்கும். ஒரு நாளுக்குள், எலி முழுசாக, வழவழவென்று வெளியே வந்திருந்தால் அது வயிற்றில் சரியாக இறங்கவே இல்லை. இரை பெரிது, எடுத்துக் கையாண்டது, பயந்துபோனது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலியின் நடுப்பகுதி இன்னும் உறைந்திருந்தது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி செரித்து நாறிப்போய் வந்தால் முதல் சந்தேகம் சூடு, அடுத்தது நோய். புதிதாக வளர்ப்பவர்கள் இதையே மலம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. மலத்தோடு சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக ஒன்று சேர்ந்து வரும். அதுதான் யூரேட், பாம்பின் சிறுநீர். அது இல்லாமல் எலியின் உருவம் தெரிந்தால் கக்கல்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும் வேலை, அதனால்தான் பலரும் தோற்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்து, புதுத் தண்ணீர் வைத்து, மூடிவிடுங்கள். "பாவம், வயிறு காலியா இருக்கே" என்று மறுநாளே இன்னொரு எலி கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அதுவும் வெளியே வந்துவிடும். கக்கும்போது அமிலமும் நீரும் சேர்ந்து போய்விடுகின்றன, தொண்டையும் புண்ணாகியிருக்கும். பத்து முதல் பதினாலு நாள் இரையே கிடையாது. கையில் எடுப்பதும் கிடையாது. அப்புறம் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி அளவுள்ள இரை. பெரிய எலி தின்கிற பாம்புக்குச் சுண்டெலி கொடுத்தால் அவமானமாக நினைக்காது. அது தங்கினால் மறுபடி பத்து நாள் விட்டு அதே அளவு. மூன்று நான்கு முறை ஒழுங்காகச் செரித்து மலமும் போனபின் பழைய அளவுக்குத் திரும்பலாம். மல்லிக்கு இதற்கு ஏப்ரல் வரை ஆனது.

இரை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவோ, எலியின் பருமனும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். வாய் பிளக்கிறதே என்று கொடுப்பது அளவு ஆகாது, அது எதற்கும் பிளக்கும். தின்றபின் 48 மணி நேரம் தொடவே கூடாது. "இரை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி படுத்திருக்கான்" என்று கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவைச் சொல்வோமே, அவரை அந்த நேரத்தில் எழுப்பிச் சட்டை மாற்றச் சொன்னால் எப்படி இருக்கும்?

இரண்டாவது முறை கக்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். கார்ன் ஸ்நேக் குட்டியாக இருந்தால் முதல் தடவையே போனில் கேட்டுவிடுவது நல்லது. விரல் தடிமன் குட்டிகளுக்கு இழக்க உடம்பில் ஒன்றும் இல்லை.

சூடு சரி, இரை சிறிது, யாரும் தொடவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரை எடுத்து இரண்டு மூன்று நாளில் கக்குகிறது, உடம்பின் நடுப்பகுதி மட்டும் தடித்துக்கொண்டே வருகிறது, மற்ற இடமெல்லாம் மெலிகிறது. இப்படி இருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைப் பற்றிக் கேளுங்கள். அது இரைப்பைச் சுவரைத் தடிக்கவைத்துவிடும். இரைப்பையைக் கழுவி எடுத்த நீரிலோ மலத்திலோ பி.சி.ஆர். சோதனை செய்து பார்ப்பார்கள். கிருமி எல்லா நாளும் வெளியே வராது; அதனால் ஒருமுறை இல்லை என்று வந்ததை வைத்து நிம்மதியாகிவிட முடியாது. நம்பகமான மருந்து இல்லை என்பதை டாக்டர் சொல்லும்போது மனம் கஷ்டப்படும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் கிண்ணம், கிடுக்கி, கையுறை எல்லாம் தனித்தனி. நோய்ப்பட்டதைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும். பிளீச்சிங் தண்ணீருக்கு இந்தக் கிருமி சாகாது. புதுப் பாம்பை மூன்று மாதம் தனி அறையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரையே எடுக்கவில்லை

இது வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கூப்பிடுபவர்கள் அதிகம். பெரும்பாலும் இல்லை. பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் விரதம் இருக்கும். நம் வீட்டு ஐயப்ப சாமிகள் நாற்பத்தொரு நாளில் முடித்துக்கொள்கிறார்கள், இவை பொங்கல் தாண்டியும் மாலையைக் கழற்றாது. கண்ணில் பால் பூத்ததுபோல் நீலம் படர்ந்து சட்டை உரிக்கப்போகும் வாரத்திலும் தின்னாது. ஒளிந்துகொள்ள இடுக்கமான இடம் இல்லாவிட்டாலும் தின்னாது. எலி ஆறிப்போயிருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் மலைப்பாம்பு வாயோரக் குழிகளால் சூட்டைப் பார்த்துத்தான் கடிக்கிறது. உருக வைத்த எலியை வெந்நீரில் வைத்து, தலைப்பக்கம் 38 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து நீட்டிப் பாருங்கள்.

கவலைப்படலாமா வேண்டாமா என்பதைத் தராசு சொல்லும். வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம், தனியாக ஒன்று வாங்குங்கள். பாம்பின் மலத்தில் நமக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்று எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். 1,500 கிராம் பாம்பு மூன்று மாதம் தின்னாமல் 1,440 கிராமில் நின்றால் விட்டுவிடலாம். 1,350-க்குக் கீழே, அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால், காட்டுங்கள். வாயோரத்தில் சீழ், ஈறில் சிவப்பு, வாயைத் திறந்துகொண்டே மூச்சு விடுவது தெரிந்தால் எடைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்த வரிசையில் இன்னொரு வகைப் போனும் வரும். "லே அவுட்ல சாரைப்பாம்பு ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கேன், எதுவும் திங்க மாட்டேங்குது." திங்காது. அது காட்டு உயிர், பயந்துபோயிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். பால் பைத்தான்கூட 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மலம் போகவில்லை

எத்தனை நாளாக என்பதைவிட, எத்தனை எலியாக என்று எண்ணுங்கள். கார்ன் ஸ்நேக் இரை எடுத்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். பால் பைத்தான் மூன்று நான்கு எலி சேர்த்துவைத்து, ஒரு நாள் மொத்தமாகக் கூண்டையே நாறடிக்கும். நடுவில் வெறும் யூரேட் மட்டும் வருவது சகஜம். சட்டை உரிக்கும்வரை அடக்கி வைத்திருந்து அதோடு சேர்த்துப் போவதும் உண்டு. ஆக ஒரு மாதம் ஆனது என்பதே நோய் இல்லை.

கழிவுத்துளைக்குச் சற்று முன்னால் கெட்டியான உருண்டை தெரிந்து, வாலைத் தூக்கித் தூக்கி முக்கியும் ஒன்றும் வரவில்லை, இரையும் மறுக்கிறது என்றால் அது மலச்சிக்கல். காரணம் பழையதுதான்: சூடு குறைவு. அடுத்தது தண்ணீர் குறைவு. தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தாலோ, யூரேட் மஞ்சளாகக் கல்போல் வந்தாலோ உடம்பில் நீர் பற்றவில்லை. ஹீட் மேட் ஓடும் அறையில் குளிர்காலக் காற்று இன்னும் வறண்டு போகும், கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள்.

தண்ணீர் என்றதும் எதிர்வீட்டு அம்மா ஞாபகம் வருகிறார். தெருமுனை அரசமரத்தடி நாகக்கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு வருகிறவர், மாடிப்படியில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். "ஏன் தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அதுக்கு ஒரு டம்ளர் பால் வைக்கக் கூடாதா?" "வெச்சா வயித்தால போகும்மா" என்பேன். "பேரே பால் பைத்தான்னு சொல்றே, பால் குடிக்காதாங்கறே" என்பார். பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது, பசும்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் காய்கறி வண்டி வந்துவிடும். பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்குக் கிடையாது. தாகத்தில் தவிக்கவிட்ட பாம்பு பாலைக் குடிக்கலாம், குடித்தால் கெடுதல்தான்.

மலச்சிக்கலுக்கு வெதுவெதுப்பான குளியல் நன்றாகவே வேலை செய்யும். மூடியில் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் 29, 30 டிகிரித் தண்ணீர், பாம்பின் உடம்பு பாதி மூழ்கும் அளவு மட்டும். தலையைத் தூக்கிவைத்துக்கொள்ள அதற்குச் சிரமம் இருக்கக் கூடாது. இருபது நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஆறினால் வெந்நீர் கலக்குங்கள், கையால் இல்லை, மீட்டரால் பார்த்து. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்து பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் கொஞ்ச நேரம் ஊரவிடுங்கள். என் கார்ன் ஸ்நேக் இதற்கெல்லாம் மசியவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று தலையணை உறையில் போட்டு முடிந்து, தெர்மகோல் பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஏறினேன். ஹென்னூர் ரோட்டுக் குழிகளில் ஆட்டோ ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியைத் திறந்தால் உறை முழுக்க வேலை முடிந்திருந்தது. டாக்டர் சிரித்துவிட்டு, வந்ததே வந்தீர்கள் என்று மலத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

வயிற்றை அழுத்தி உருண்டையைத் தள்ளப் பார்க்காதீர்கள், குடல் கிழியும். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த ஞாபகத்தில் பாம்பின் வாயில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பின் மூச்சுக்குழாய் வாசல் கீழ்வாயில், முன்பக்கமாகவே இருக்கிறது. எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போகும்.

பெண் பாம்பென்றால் அந்த உருண்டை முட்டையாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலும் முட்டை வைக்கும். தேங்காய் நார்த்தூள் பரப்பிய கூண்டில் ஈர எலியைப் போட்டிருந்தால் எலியோடு நாரும் உள்ளே போய் அடைத்திருக்கலாம். ஒரு டைல்ஸ் துண்டு மேல் வைத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எப்படியானாலும் குளியலுக்குப் பிறகும் ஒரு வாரம் உருண்டை அங்கேயே இருந்தால் எக்ஸ்ரேதான்.

மலம் இளகி, நாற்றமெடுத்து

பாம்பின் மலம் மணக்காது, சரி. ஆனால் உங்கள் பாம்பின் வழக்கமான நாற்றம் உங்களுக்குத் தெரியும். அது மாறினால் கவனியுங்கள். ஒருமுறை மட்டும் இளகிப்போனால் முதலில் எலியைச் சந்தேகப்படுங்கள். உறைந்த எலியை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் சூடேற்ற வேண்டும். காலையில் ஸ்லாப் மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய் மாலையில் கொடுத்தால் அது கெட்டுப்போன எலி. மைக்ரோவேவ் என்ற பேச்சே வேண்டாம். வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள்: உள்ளே கல்போல் இருந்தால் இன்னும் உருகவில்லை. கொடுக்காமல் மிஞ்சியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. (எங்கள் வீட்டில் எலிக்கென்று சிவாஜிநகரில் வாங்கிய பழைய குட்டி ஃப்ரிட்ஜ் தனியாக இருக்கிறது. பாம்பு வளர்க்க அம்மா போட்ட ஒரே நிபந்தனை அது.)

இரண்டாவது முறையும் இளகி, சளி கலந்து, ரத்தக்கோடு தெரிந்து, பச்சையாக வந்தால் சோதனை தேவை. கொக்கிப் புழு, உருளைப் புழு, ஒற்றைச் செல் உயிரிகள் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் மோசமானது என்டமீபா இன்வாடென்ஸ் என்ற அமீபா. ஆமையின் வயிற்றில் தொல்லை தராமல் இருந்துவிட்டு, பாம்புக்குத் தொற்றினால் குடலை அரித்துக் கொன்றுவிடும். மீன் தொட்டிக் கடையில் வாங்கிய செங்காது ஆமையும் பாம்பும் உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மக், ஒரே பிரஷ் வேண்டவே வேண்டாம்.

"நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்துல கால்வாசி கொடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்து இல்லை. மெட்ரோனிடசோல் என்ற மருந்தின் அளவு கூடினால் பாம்பின் நரம்பு பாதிக்கும், தலை நிலை தடுமாறும். எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் கணக்குப் போட வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர் டப்பாவில் புது மலமாக எடுங்கள். காய்ந்துபோனது உதவாது. புழு முட்டை பார்க்க என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. அமீபா போன்ற நகரும் உயிரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் குளிரூட்டாமல் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எதற்கு என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு எடுங்கள்.

வயிறு வீங்கியிருக்கிறது

இரை எடுத்து மூன்று நாள் வரை மேடு தெரிவது சரி. அதன்பின் மேடு குறையாமல் உப்பிக்கொண்டே போனால் உள்ளே எலி அழுகி வாயு சேருகிறது. சூட்டைப் பாருங்கள், தொடாதீர்கள், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இரை எடுக்காத பாம்பில் புதிதாக மேடு தெரிந்தாலும் அப்படித்தான். கட்டி, முட்டை, அடைப்பு எது என்று வெளியிலிருந்து என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

கழிவுத்துளையில் சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருக்கிறது

மற்றதை எல்லாம் நிறுத்துங்கள், இது அவசரம். முக்கி முக்கிக் குடல் வெளியே வந்திருக்கலாம். ஆண் என்றால் அதன் உறுப்பாகவும் இருக்கலாம். விரலால் உள்ளே தள்ளாதீர்கள். நார்த்தூளெல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமான ஈரத் துணிமேல் பாம்பை விடுங்கள். சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்த தண்ணீரில் காஸ் துணியை நனைத்து அந்தச் சதைமேல் வைத்தால் வீக்கம் சற்று வடியும், காயாமலும் இருக்கும். அப்படியே கிளம்புங்கள். சதை காய்ந்து கறுத்துவிட்டால் வெட்டத்தான் வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் போகும்போது

பெங்களூருவில் நாய், பூனை டாக்டர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பாம்பு பார்ப்பவர் குறைவு. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆனாலும் தனியார் கிளினிக் ஆனாலும், ஊர்வன பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் போன் செய்து கேளுங்கள். பாம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு, நம்பரைச் சேமித்து வையுங்கள். நள்ளிரவில் தேடினால் கிடைக்காது.

துணிப்பையோ தலையணை உறையோ, வாயை இறுக்கி முடிந்து, தெர்மகோல் பெட்டிக்குள். குளிர்நாளில் வெந்நீர் பாட்டிலை டவலில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள், பாம்பை ஒட்டி அல்ல. டாக்சியில் போனால் ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் என்ன என்று டிரைவர் கேட்டால், "செல்லப் பிராணி" என்றால் போதும். விவரம் சொல்லி நான் நடுவழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறேன்.

எடை எழுதிய நோட்டு, கடைசி இரை கொடுத்த தேதி, அதன் அளவு, கக்கியதன் போட்டோ, மலச் சாம்பிள், கடந்த மூன்று இரவுகளின் குறைந்தபட்சச் சூடு எல்லாம் கையில் இருக்கட்டும். மருந்து கொடுத்தால் மறுசோதனைக்கு (பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து) எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாம்பு தெம்பாகத் தெரிகிறது என்று பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீடு திரும்பியதும் கூண்டில் விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு இரை வேண்டாம்.